பெயரறிந்தோம், பொருளறிந்தோமா?

சென்ற பருவத்தில் நம் மன்றத்தில் ஒரு சொற்போர் நடந்தது. ‘கார்புரேட்டர்’ என்பதற்கு ஏற்ற தமிழ்ச்சொல் யாது என்பது பொருள். ‘எரிகலப்பி’ என்றார் ஒருவர். ‘வளிக்கலப்பி’ என்றார் மற்றொருவர். ஒரு மணி நேரம் வாதம்; இடையிடையே கைதட்டல். இறுதியில் முதலாண்டு மாணவர் ஒருவர் எழுந்து, “அந்தக் கருவி என்ன வேலை செய்கிறது?” என்று கேட்டார். அரங்கம் அமைதியாயிற்று. மேடையில் முழங்கிய எங்களுள் எவருக்கும் விடை தெரியவில்லை. ஆம், முழங்கியவர்களுள் நானும் ஒருவன்!

அந்த வெட்கம் மாறுமுன்பே விடுமுறைக்கு ஊர் சென்றேன். என் ஊர் பாறசாலைக்கு அடுத்த சிற்றூர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரையப்பட்ட எல்லைக்கோடு எங்களுக்குக் கூப்பிடு தொலைவில் ஓடுகிறது. விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அமரவிளையிலிருந்து களியக்காவிளை வரை நெடுஞ்சாலையின் இருமருங்கும் சிறு பட்டறைகள். அவற்றில் தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் ஒரே பெட்டியில் கிடக்கும் திருப்புளிகளைப் போலக் கலந்து கிடக்கும்.

என் நண்பன் ஒருவன் பழைய மாருதி எஸ்டீம் ஒன்று வாங்கியிருந்தான். 1994-இல் வெளிவந்த வண்டி அது. முதலில் கார்புரேட்டருடன் வந்து, பின்னர் இன்ஜெக்டர் ஏற்றது. நம் நாட்டு ராலிப் பந்தயங்களில் பெயர் பெற்றது. நண்பனுடையது இன்ஜெக்டர் வண்டி. நிற்கும்போது அதன் எஞ்சின் ஒரு நிலையில் ஓடாது. ஏறும், இறங்கும், மீண்டும் ஏறும். ஒரு பட்டறையில் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொன்னார்கள். மாற்றினான். மற்றொன்றில் கம்ப்யூட்டரை மாற்றச் சொன்னார்கள். அதையும் மாற்றினான். பணம் போயிற்று, நோய் போகவில்லை.

மூன்றாவதாக, ஊரார் ‘ஆசான்’ என்றழைக்கும் முதியவரிடம் கொண்டுபோனோம். அவர் எந்த உறுப்பையும் கழற்றவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, அதன் உள்ளிழு குழாயிலிருந்து கிளைக்கும் ரப்பர் ஓஸ்களை ஒவ்வொன்றாகக் குறடால் நெரித்தார். நான்காவது ஓஸை நெரித்ததும் எஞ்சின் அடங்கி ஓடியது. “சாமானம் மாத்துததுக்கு முந்தி காத்து எங்க களவு போவுதுன்னு பாக்கணும் மக்களே” என்றார். விரல் நீள ஓஸ் ஒன்றில் மயிரிழை வெடிப்பு. நோய் அவ்வளவுதான்!

“ஆசானே, இது எப்படி?” என்று கேட்டேன். அவர் விளக்கினார், அன்றுதான் எனக்கு விளங்கியது.

பெட்ரோல் தனியே எரிவதில்லை. அதற்குக் காற்று வேண்டும். எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று. கார்புரேட்டரில் காற்று ஓர் இடுங்கிய கழுத்தின் வழியே விரைகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. சிறு துளை வழியே பெட்ரோல் இழுபட்டு வந்து கலக்கிறது. இன்ஜெக்டர் வண்டியிலோ காற்றின் நிலையைச் சென்சார் அளந்து சொல்ல, கம்ப்யூட்டர் கணக்கிட்டு, விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் மட்டுமே இன்ஜெக்டரைத் திறக்கிறது.

எஸ்டீமின் சென்சார் காற்றை நேரே அளப்பதில்லை. உள்ளிழு குழாயின் அழுத்தத்தை அளக்கிறது. வெடிப்பு வழியே திருட்டுக் காற்று புகுந்ததும் அழுத்தம் உயர்கிறது. கம்ப்யூட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டுகிறது. எஞ்சின் வேகம் ஏறுகிறது. ஓட்டுநர் காலை எடுத்திருந்தும் வேகம் மிகுவதைக் கண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்துகிறது, வேகம் விழுகிறது. மீண்டும் கொடுக்கிறது, மீண்டும் ஏறுகிறது. குற்றம் ஓஸில், பழி சுமந்தவை இன்ஜெக்டரும் கம்ப்யூட்டரும்!

நண்பர்களே, இங்கே பெயரைப் பற்றிய செய்தி ஒன்றும் உண்டு. 1954-இல் உலகுக்குக் காட்டப்பட்ட மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல். காரில் பெட்ரோலைச் செலுத்தியது இயந்திர பம்பு. 1967-இல் பாஷ் நிறுவனம் மின்னணு முறையை ஃபோக்ஸ்வேகன் காரில் பொருத்தியது. அதற்கு டி-ஜெட்ரானிக் என்று பெயர். ‘டி’ என்பது ‘ட்ரூக்’ என்னும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து, பொருள், அழுத்தம். பின்னர் வந்தது எல்-ஜெட்ரானிக். ‘எல்’ என்பது ‘லூஃப்ட்’, பொருள், காற்று. ஒன்று அழுத்தத்தை அளந்தது. மற்றொன்று உள்ளே பாயும் காற்றை அளந்தது. வேலையை அறிந்தவர்கள் பெயரிட்டார்கள். ஆகவே பெயரே வேலையைச் சொல்கிறது. நாமோ பெயரை முதலில் தேடி, வேலையை அறியாமலே கலைகிறோம்.

அறியாமையால் பணம் மட்டுமா போகிறது? வேகத்தில் ஆசை கொண்ட இளைஞர் சிலர், பழைய காரின் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டரை எஞ்சின் அருகே மாட்டுகிறார்கள். ஓசை பெருகுகிறது, ஆற்றல் பெருகியதாக எண்ணுகிறார்கள். எஞ்சின் மூடிக்குள் இருப்பது சூடான காற்று. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. ஆற்றல் குறையவே வழி. கார்புரேட்டர் எஸ்டீமின் 65 குதிரைத்திறன் இன்ஜெக்டர் எஸ்டீமில் 85 ஆயிற்று என்பார்கள். உண்மைதான். ஆனால் வால்வுகளும் 8-இலிருந்து 16 ஆயின என்பதை எவரும் சொல்வதில்லை. சட்டமும் இருக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், தயாரிப்பாளர் வகுத்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்று உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

இவற்றினும் பெரிய கேடு ஒன்று உண்டு. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் செல்லும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ அளவு. இன்ஜெக்டருக்குச் செல்லும் அழுத்தம் இரண்டரை முதல் மூன்று கிலோ. ஏறத்தாழப் பத்து மடங்கு! விலை குறைவென்று கார்புரேட்டர் ஓஸை இன்ஜெக்டர் வண்டியில் மாட்டினால், அது பிளந்து, சூடான எஞ்சின்மேல் பெட்ரோலைப் பீய்ச்சும். பின்பு நேர்வதைக் கூறவும் வேண்டுமா?

இன்று பெட்ரோலும் மாறிவிட்டது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்து நாடெங்கும் பரவியிருக்கிறது. தூய எத்தனாலுக்கு ஒன்பது பங்கு காற்றே போதும். ஆகவே கலப்புப் பெட்ரோலுக்குப் பழைய காற்றுக் கணக்கு பொருந்தாது. புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி ஓரளவு தானே திருத்திக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. மேலும் எத்தனால் பழைய ரப்பரைத் தாக்கவல்லது. எங்கள் ஊர்ப் பக்கம் ரப்பர் மரம் இல்லாத தோட்டம் அரிது. பால் வெட்டி வளர்ந்த குடும்பங்கள் பல. ஆயினும் இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும் என்பதையும், அதனாலேயே பெட்ரோல் ஓஸுக்கு நைட்ரைல் முதலான செயற்கை ரப்பர் வேண்டும் என்பதையும் ஆசான் சொல்லித்தான் நான் அறிந்தேன். விலங்கியலும் வரலாறும் படிக்கும் நமக்கு இது எதற்கு என்று கேட்கலாம். அந்த வண்டியில் ஏறிச் செல்பவர்கள் நாமல்லவா?

கலைச்சொல் வேண்டாம் என்று நான் கூறவில்லை. எல்லையில் பிறந்த எனக்குத் தமிழ்ச்சொல்லின் அருமை தெரியும். பள்ளியில் அது கிடைக்காமல் ஏங்கியவன் நான். ஆனால் ஆசான் ‘எரிகலப்பி’ என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ‘கார்ப்ரேட்டர்’ என்றுதான் சொன்னார். எனினும் அவர் சொன்ன விளக்கம் முழுவதும் தமிழ்! காற்று களவு போகிறது, கழுத்து இடுங்குகிறது, எஞ்சின் மூச்சு வாங்குகிறது என்றார். ஒரு சொல்லை மொழிபெயர்ப்பதைவிட ஒரு செயலைத் தமிழில் விளங்கச் சொல்வது கடினம், பயனும் மிகுதி. விளக்கம் தமிழில் நிலைத்துவிட்டால், தகுந்த பெயர் தானே வந்து சேரும்.

ஆகவே மன்றத்தாருக்கு ஒன்று சொல்வேன். அடுத்த பருவத்தில் ஒரு சொற்போரைக் குறைத்துக்கொள்வோம். அந்த மாலையில் ஒரு பட்டறைக்குச் செல்வோம். நாற்காலியில் ஆசானை அமர்த்தி, தரையில் நாம் அமர்ந்து கேட்போம். கேட்டதைத் தமிழில் எழுதி இதே மலரில் வெளியிடுவோம். பழைய வண்டி வைத்திருக்கும் தோழர்கள் அதுவரை காத்திராமல், இன்றே மூடியைத் திறந்து பெட்ரோல் ஓஸை விரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலும் வெடித்திருந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள்.

அன்று அரங்கில் கேள்வி கேட்ட முதலாண்டு மாணவருக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. இக்கட்டுரை அவருக்குத்தான்.