சாரதியின் தவறு என்று முடித்துவிடலாமா? வலப்பனை முதல் கொத்மலை வரை மலையக வீதிகள் எழுப்பும் கேள்விகள்

2025 மே 11ஆம் திகதி, வெசாக்கிற்கு முதல் நாள் அதிகாலை. கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் ஒன்று கொத்மலை கெரண்டி எல்லவில் வீதியை விட்டு விலகிப் பள்ளத்தில் வீழ்ந்தது. 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த பஸ்ஸில் இருந்த ஆசனங்களை விட ஏறியிருந்தவர்கள் அதிகம். தன் கைக்குழந்தையை அணைத்துக் காப்பாற்றிவிட்டு உயிரிழந்த ஒரு தாயைப் பற்றி நாடே சில நாட்கள் பேசியது. பிறகு வழக்கம்போல மறந்தது.

நான்கு மாதங்கள் கூட முடியவில்லை. செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்தது. தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா வந்து திரும்பிக்கொண்டிருந்த பஸ் அது. 15 பேர் இறந்தார்கள்.

ஒவ்வொரு விபத்துக்குப் பின்னரும் நாம் கேட்பது ஒரே கேள்வி: சாரதி என்ன செய்தார்? தூங்கினாரா, குடித்திருந்தாரா, தொலைபேசியில் பேசினாரா, வேகமாக ஓட்டினாரா? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு விடை கிடைத்ததும் விசாரணை முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல் இருக்கிறது.

மலையில் ஓட்டுவது வேறு தொழில்

முதலில் சாரதிகளின் பழக்கங்களைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசிவிடுவோம். இராகலையிலிருந்து வலப்பனை நோக்கி ஒருமுறை பஸ்ஸில் இறங்கியவர்களுக்கு இது தெரியும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாது. அந்த இடத்திலும் முன்னால் போகும் லொறியை முந்த முயலும் சாரதிகள் இருக்கிறார்கள். ஒரு கையில் தொலைபேசி, மறுகையில் ஸ்டியரிங் என்று ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். மூடுபனிக்குள் விளக்குப் போடாமல் வரும் முச்சக்கரவண்டிகளையும் காணலாம்.

மலைவீதிக்கென்று சில பழைய விதிகள் உண்டு. ஏறும் வாகனத்துக்கு இறங்கும் வாகனம் இடம் கொடுக்க வேண்டும். எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது மூத்த சாரதிகள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். குறைந்த கியரில் வந்தால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். டீசல் மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் உருள விடுபவர் அந்தப் பிடியைத் தானே கைவிடுகிறார். 2022 பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் விலை பல மடங்கானபோது இந்த ஆசை இன்னும் கூடியது.

சமதரையில் ஓட்டிப் பழகியவருக்கு இவை எதுவும் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்குவீதியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கொழும்பிலிருந்து மாணவர்களைச் சுற்றுலா ஏற்றி வந்த பஸ் அந்தச் செங்குத்தான இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து, எதிரே வந்த வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதியது. ஏழு பேர் இறந்தார்கள். வேனிலும் முச்சக்கரவண்டியிலும் இருந்தவர்களே அவர்கள். மலைக்கு வருபவரின் அனுபவமின்மைக்கும் மலையில் வாழ்பவர்தான் விலை கொடுக்கிறார்.

அவசரம் எங்கிருந்து வருகிறது?

இனி அடுத்த கேள்வி. இந்தப் பழக்கங்களுக்குச் சாரதியின் குணம் மட்டும்தான் காரணமா?

தனியார் பஸ்களில் சாரதிக்கும் நடத்துநருக்கும் பெரும்பாலும் நிரந்தரச் சம்பளம் கிடையாது. அன்றைய வசூலில் உரிமையாளருக்கான தொகையும் டீசல் செலவும் போக மிஞ்சுவதில்தான் அவர்களது பங்கு இருக்கிறது. முன்னால் போகும் பஸ் தரிப்பிடத்தில் நிற்பவர்களை ஏற்றிவிட்டால் பின்னால் வரும் பஸ்ஸுக்கு வெறும் ஆசனங்கள்தான். ஆகவே ஓர் இடத்தில் பத்து நிமிடம் ஆள் சேர்க்க நிற்பார்கள். அடுத்த பத்துக் கிலோமீட்டரில் அந்த நேரத்தைப் பிடிக்கப் பறப்பார்கள். பயணிக்கு இரண்டுமே எரிச்சல். ஊழியருக்கோ இரண்டுமே வயிற்றுப்பிழைப்பு.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த நாடு 2005 ஏப்ரல் 27ஆம் திகதியே கண்டது. பொல்கஹவெலவுக்கு அருகே யாங்கல்மோதர ரயில் கடவையில், இன்னொரு பஸ்ஸுடன் போட்டிபோட்டு ஓடிய தனியார் பஸ் ரயிலில் சிக்கியது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இருபது ஆண்டுகள் கடந்தும் வசூலை நம்பிய அந்தச் சம்பள முறை பெரிதாக மாறவில்லை.

இ.போ.ச. பஸ்ஸில் சம்பளம் உண்டு. ஆனால் பஸ்களும் ஆட்களும் போதாது. இரவெல்லாம் மலையேறி இறங்கும் நெடுந்தூரச் சேவையில் ஒருவர் எத்தனை மணித்தியாலம் ஓட்டுகிறார், ஓட்டத்துக்கு முன் எத்தனை மணித்தியாலம் தூங்கினார் என்று யார் பார்க்கிறார்கள்? ஒரு சாரதி தூங்கிவிட்டார் என்று சொல்வது விசாரணையின் முடிவாக இருக்க முடியாது. அவர் ஏன் தூங்க வேண்டிய நிலையில் ஓட்டினார் என்பதில் இருந்துதான் விசாரணை தொடங்க வேண்டும்.

யாருடைய வீதி?

மூன்றாவது கேள்வி வீதியைப் பற்றியது. 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டைப் பகுதியில், லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட தனியார் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேலிருந்து வீழ்ந்த பெரும் பாறை ஒன்று வீதியின் ஒரு பகுதியை மறித்துக் கிடந்த இடம் அது. பஸ் சாரதியில் தவறா, எதிரே வந்த டிப்பர் சாரதியில் தவறா என்று நாடே விவாதித்தது. அந்தப் பாறையை அங்கேயே விட்டுவைத்தது யார் என்ற கேள்விக்கு அந்த விவாதத்தில் அவ்வளவு இடம் கிடைக்கவில்லை.

மலையகத்தில் வீதிக்குப் பொறுப்பானவரைத் தேடுவதே ஒரு வேலை. பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. அடுத்த தர வீதிகள் மாகாணத்துக்கும் சிறு வீதிகள் பிரதேச சபைக்கும் உரியவை. இதற்குள் அடங்காமல் கிடப்பவை தோட்ட வீதிகள். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுபோகப் போடப்பட்டவை அவை. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனபோது இந்த வீதிகளும் சேர்ந்தே போயின. கொழுந்து லொறி போனால் போதும் என்பதுதான் அதன் பிறகு அளவுகோல்.

பிரதேச சபைகள் ஏன் திருத்தவில்லை என்று கேட்டால், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டினார்கள். கிராமங்களுக்குச் செலவிடலாம், தோட்டங்களுக்கு முடியாது என்பதுதான் நடைமுறையில் அதன் பொருள். தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபை, அந்த மக்கள் நடக்கும் வீதிக்கு ஒரு கூடை கல் போட முடியாமல் முப்பது ஆண்டுகள் கடந்தன. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது.

வலப்பனைப் பக்கத்துத் தோட்டங்களில் இதன் பொருள் மிக எளிமையானது. லயத்திலிருந்து பிரதான வீதிக்கு நடக்க வேண்டும், அல்லது முச்சக்கரவண்டிக்குக் கொடுக்க வேண்டும். மழை பெய்தால் அந்த வண்டியும் வராது. பிரசவ வலி வந்தவரைத் தூக்கிக்கொண்டு நடந்த அனுபவம் இல்லாத தோட்டம் அரிது. நகரவாசி வீதி நெரிசலில் ஒரு மணித்தியாலம் வீணானதாகச் சலித்துக்கொள்கிறார். இங்கே வீணாவதைக் கணக்கிட மணித்தியாலம் போதாது.

இத்தனைக்கும் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை ஊடாக இராகலை வரை ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1903 – 1904இல் தொடங்கிய அந்தச் சிறு ரயில் பாதை 1940களில் மூடப்பட்டது. தேயிலையை லொறியில் ஏற்றுவது இலாபம் என்று ஆனதும் ரயில் போய்விட்டது. மக்களுக்காக அது ஓட வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கு யாருக்கும் வரவில்லை.

புரியாத எச்சரிக்கை

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது இந்தப் பலவீனங்கள் எல்லாம் ஒரே நாளில் வெளியே வந்தன. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் வலப்பனையும் ஒன்று. மண்சரிவுகள் வீதிகளை வெட்டின. மலையக ரயில் பாதையும் சேதமடைந்தது. தோட்டங்கள் தீவுகளாயின. அந்த நாட்களில் அதிகாரபூர்வ எச்சரிக்கைகள் பல தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது.

புயலுக்கு மட்டுமல்ல, சாதாரண நாட்களுக்கும் இது பொருந்தும். செங்குத்தான இறக்கம், குறைந்த கியரில் செல்லவும் என்ற பலகையைத் தமிழ்ச் சாரதி வாசிக்க முடியாவிட்டால் அந்தப் பலகை இருந்தும் இல்லாததுதான். மொழியுரிமையை நாம் பெரும்பாலும் அரசியல் கோரிக்கையாகவே பேசுகிறோம். மலைவீதியில் அது உயிர் சம்பந்தப்பட்ட விடயம்.

வடக்கிலிருந்து பார்க்கும்போது

இது மலையகத்தின் பிரச்சினைதானே என்று வன்னியில் இருந்து வாசிப்பவர் நினைக்கக்கூடும். 1977இலும் 1983இலும் அடிபட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போன மலையகக் குடும்பங்கள் பின்னர் அங்கே போரையும் முள்ளிவாய்க்காலையும் கண்டன. அவர்களில் பலருக்கு இன்றும் உறவு இந்த மலைகளில்தான் இருக்கிறது. கல்யாணத்துக்கும் இழவுக்கும் அவர்கள் ஏறுவது இதே பஸ்களில்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பெரும் இழப்பு. உடனே அனுதாபச் செய்தி. பிறகு விசாரணைக் குழு, இழப்பீட்டுக் காசோலை. அதன்பின் மௌனம். இந்த வரிசை நமக்குப் புதிதல்ல. பொறுப்புக்கூறல் என்ற சொல்லை மற்றெல்லோரையும் விட அதிகமாகப் பயன்படுத்திய சமூகம் நாங்கள். ஆண்டுக்கு 2,000க்கும் அதிகமானோர் வீதியில் இறக்கும் நாட்டில், அந்தச் சொல்லை இங்கேயும் பயன்படுத்த நமக்குக் கடமை இருக்கிறது.

கெரண்டி எல்ல விபத்துக்குப் பின்னர், 2025 ஜூலையில் நெடுந்தூர பஸ் சாரதிகளுக்கு ஆசனப்பட்டி கட்டாயமாக்கப்பட்டது. நல்லது. ஆனால் சாரதியைக் கட்டிப்போடுவதோடு வேலை முடியாது. இரவு நெடுந்தூரச் சேவைகளுக்கு இரண்டு சாரதிகள் வேண்டும். தனியார் பஸ் ஊழியருக்கு வசூலைச் சாராத சம்பளம் வேண்டும். பெரிய இறக்கங்கள் தொடங்கும் இடத்திலேயே வாகனங்களை நிறுத்திப் பிரேக் பார்க்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் தடுப்புச் சுவரும் மும்மொழியிலும் பலகைகளும் வேண்டும். விபத்து விசாரணை அறிக்கைகள் மக்கள் வாசிக்கும்படி தமிழிலும் வெளிவர வேண்டும்.

கெரண்டி எல்ல விபத்துக்கு ஐந்து நாட்களுக்கு முன்னர்தான், மே 6ஆம் திகதி, உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. வலப்பனை உட்படப் பிரதேச சபைகளுக்கு மீண்டும் உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள். தோட்ட வீதிக்குச் செலவிடச் சட்டம் இப்போது தடையில்லை. ஆகவே அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் எந்தத் தோட்டத்து வீதிக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று அவர்களிடம் கேட்கலாம். அடுத்த பஸ் பள்ளத்தில் வீழ்ந்த பிறகு சாரதியின் பெயரைத் தேடுவதை விட, இந்தக் கேள்வியை இன்றே கேட்பது பயனுள்ளது.