பாயைச் சுருட்டியது யார்?

பனியனுக்குப் பேர்போன திருப்பூரில் இருந்துகொண்டு கட்டுமரத்தின் பாயைப் பற்றி என்ன எழுத்து என்று தோழர்கள் கேட்கலாம். பாயும் பருத்தித் துணிதானே! அதோடு, நாகப்பட்டினம் பக்கத்து மீனவ இளைஞர் ஒருவர் இங்கே கம்பெனியில் கைமடி வேலை பார்க்கிறார். அவருடைய தாத்தா பாய் விரித்துக் கடலுக்குப் போனவர். பேரன் ஏன் இங்கே வந்தார்? அதுதான் விஷயம்.

கட்டுமரம் என்பது இலேசான மரங்களைச் செதுக்கிக் கயிற்றால் இறுகக் கட்டியது. அலை மேலே ஏறினாலும் தண்ணீர் இடுக்கு வழியே வடிந்துவிடும். கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயவைப்பார்கள். முக்கோணப் பாய் உப்புக் காற்றில் மட்காதிருக்கப் பட்டைச் சாயம் ஊட்டுவார்கள். விடியுமுன் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் போவார்கள். பிற்பகலில் கடற்காற்றில் திரும்புவார்கள். காற்று ஓய்ந்தால் துடுப்பு. காற்றுக்கு எந்த முதலாளியும் பில் போட முடியாது!

அந்தப் பாய் தானாகவா சுருண்டது? 1953இல் கேரளத்தில் இந்திய-நார்வே திட்டம் வேலையைத் தொடங்கியது. மீனவர் வாழ்வை உயர்த்தவே விசைப்படகு என்றார்கள். உயர்ந்தவர் யார்? இறால் ஏற்றுமதியில் லாபம் கண்டதும், கேரளம், தமிழகம் இரண்டிலும் பணமுள்ளவர்கள் இழுவைப் படகு வாங்கினார்கள். கரையோரக் கடலின் அடியையே அரித்தார்கள். கட்டுமரக்காரரின் வலைகள் அறுந்தன. 1970களில் மோதல்கள் மூண்டன. அதன் பிறகுதான் தமிழகத்தில் 1983ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது: கரையிலிருந்து 3 கடல் மைல் நாட்டுப் படகுகளுக்கே! ஏட்டில் நல்ல சட்டம்தான். அதை மீறுகிறார்கள் என்ற புகார் இன்றும் ஓயவில்லை.

கரையருகே மீன் குறைந்தால் தூரம் போகவேண்டும். அதற்கு எஞ்சின், எஞ்சினுக்கு எண்ணெய், எண்ணெய்க்குக் கடன், கடன் கொடுத்த வியாபாரிக்கே மீன், அவர் சொன்ன விலைக்கு! 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் குவிந்தன. கட்டுமரம் மேலும் ஒதுங்கியது.

பாய்க்கே திரும்புங்கள் என்று நாம் சொல்லவில்லை. துடுப்புப் போட்டுத் தோள் தேய்ந்தவரிடம் பழமையின் அழகைப் பேசுவது, கரையில் நிற்பவன் பேச்சு. மிஷின் எதிரியல்ல என்பது நம் ஊர்த் தொழிலாளிக்கு நன்றாகத் தெரியும். அது யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சர்க்கார் கண்டிப்பாக அமல் நடத்தட்டும். எஞ்சினுக்கும் எண்ணெய்க்கும் கடனைக் கூட்டுறவுச் சங்கம் கொடுக்கட்டும், வியாபாரி அல்ல.

தாத்தாவின் கடைசிப் பாய், கருவாடு மூடியே கிழிந்துபோயிற்றாம்.