பெட்டகம் இல்லாத வீட்டின் பழைய சேலை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த மரத்தூண்கள், கதவுகள், எனாமல் பாத்திரங்கள் அங்கே விற்பனைக்குக் கிடக்கும். அந்த ரசனை இப்போது துணிக்கும் வந்துவிட்டது. பழைய கண்டாங்கிச் சேலையை வெட்டித் தலையணை உறை தைக்கிறார்கள், திரைச்சீலை ஆக்குகிறார்கள், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். பக்கத்தில் ஒரு மண்பானை, ஒரு கயிற்றுக் கட்டில். இன்ஸ்டாகிராமில் இதற்குப் பெயர் 'கிராமத்து லுக்'. நம் தோழர்கள் பலரின் வாடகை வீடுகளிலும் இதைப் பார்க்கிறேன்.

பழைய துணியைக் குப்பையில் போடாமல் மறுபடி பயன்படுத்துவது நல்லதுதான். நான் கேட்பது வேறு. அந்தச் சேலை இத்தனை ஆண்டுகள் யார் வீட்டில் பத்திரமாக இருந்தது?

ஒரு சேலை எழுபது ஆண்டு கிழியாமல் இருக்க, தினமும் கட்டுவதற்கு வேறு சேலைகள் வேண்டும். பூட்டி வைக்கப் பெட்டகம் வேண்டும். ஒழுகாத கூரை வேண்டும். வருடக்கூலி நெல்லுக்கு அதை வெளுத்துக் கொடுக்க ஒரு வண்ணார் குடும்பம் வேண்டும். கூலி வேலைக்குப் போன என் அப்பத்தாவிடம் இருந்தது இரண்டு சேலை. ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். கிழிந்தால் ஒட்டுப் போடுவார். பிறகு அது பிள்ளைக்குத் தொட்டில், தலைச்சுமைக்குச் சும்மாடு, தூரத் துணி, கடைசியில் அடுப்படியில் கரித்துணி. இன்று அவர் நினைவாக ஒரு முழத் துணிகூட எங்களிடம் இல்லை.

இதை வறுமை என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. காரைக்குடி அன்று இருந்த அதே ராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில், கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஜே.எச். ஹட்டன் தன் நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பணியாதவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931இல் மேலும் பதினோரு தடைகள் வந்தன.

இப்போது அந்த 'கிராமத்து லுக்' படத்தைத் திரும்பப் பாருங்கள். அதிலிருக்கும் மண்பானை ஒரு காலத்தில் நம் மீது சுமத்தப்பட்ட விதி.

அதனால்தான் நம் அம்மாக்கள் எவர்சில்வர் பாத்திரங்களை ஷெல்ஃபில் பளபளவென்று அடுக்கினார்கள். நைலக்ஸ் சேலையை ஆசையாய் வாங்கினார்கள். அண்ணல் அம்பேத்கரின் கோட்டும் டையும் நமக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கும் இதுதான் காரணம். புதுத் துணி உடுத்துவது இங்கே ஒரு உரிமைப் போராட்டமாக இருந்திருக்கிறது. படித்துவிட்டு நகரத்துக்கு வந்த நாம் அந்த எவர்சில்வரையும் நைலக்ஸையும் 'ரசனை இல்லை' என்று கேலி செய்யும்போது, யாருடைய ரசனையை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறோம்?

கண்டாங்கி பிடித்திருந்தால் வாங்குங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. இன்றும் தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளர்களிடம் புதிதாகவே வாங்கலாம். பழைய சேலையைச் சுவரில் மாட்டினாலும் மாட்டுங்கள். ஆனால் அதை 'நம் பாட்டி காலம்' என்று எழுதாதீர்கள். எல்லாப் பாட்டிக்கும் அந்தக் காலம் ஒன்றாக இருக்கவில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் கேளுங்கள்: அவர் முதல் புதுச்சேலை எப்போது கட்டினார், யார் வாங்கிக் கொடுத்தது, ஊருக்குள் அதை யாராவது ஏதாவது சொன்னார்களா? பதிலை எழுதி வையுங்கள். துணி மிஞ்சாத வீடுகளில் நாம் பாதுகாக்க வேண்டிய பழம்பொருள் அதுதான்.