கரையும் காமிராவும்

சென்ற தைத் திங்களில் எம் கல்லூரிப் புகைப்படக் கழகத்தார் தரங்கம்பாடிக் கடற்கரையைப் படமெடுக்கச் சென்றிருந்தோம். மயிலாடுதுறையைக் கடந்ததும் அறுவடையை நோக்கி நின்ற சம்பா வயல்கள் இருமருங்கும் பரந்து கிடந்தன. ஆயினும் எம் கருத்தெல்லாம் கடலோரக் கோட்டையின் மேலதாகவே இருந்தது. அப்பயணத்தால் எம் உள்ளத்து எழுந்த எண்ணம் ஒன்றை ஈண்டு மொழிய விரும்புகின்றோம்.

தரங்கம்பாடி பழம்பதி. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பாண்டியர் கல்வெட்டு இதனைச் சடங்கன்பாடி எனக் குறிக்கின்றது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று டேனியர் இங்குக் கோட்டை எழுப்பினர். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றகன்றனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைப் பாழாக்கியது. அதன்பின் மீனவர்க்குப் புதுக் குடியிருப்புகள் எழுந்தன. பழைய மாளிகைகள் செப்பனிடப்பட்டன. கடலரிப்பைத் தடுக்கக் கற்கள் குவிக்கப்பட்டன. இன்று காண்போர் கண்ணுக்கு இனிய கரையாக அது விளங்குகின்றது.

விடியலில் எழுந்து கதிரவன் தோற்றத்தையும் கோட்டையின் பொன்னிற மதிலையும் போட்டியிட்டுப் படமெடுத்தோம். அருகே வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எம்மை நோக்கி, "தம்பிமாரே, வருகிறவர் எல்லாரும் கோட்டையைத்தான் எடுக்கிறார்கள். சிறு வயதில் நாங்கள் ஓடி விளையாடிய மணல் எதுவரை இருந்தது என்று என் பேரனுக்குக் காட்ட ஒரு படமும் இல்லையே" என்றார். எமக்கு விடை தோன்றவில்லை. ஊர் திரும்பி எம் படங்களைப் பரப்பி நோக்கினோம். கோட்டை பலவாறாக இருந்தது. அம்முதியவர் கேட்ட கரையோ ஒன்றிலேனும் முழுமையாக இல்லை. அழகைக் கெடுக்குமென்று கற்குவியலையும் படகுகளையும் நாமே விலக்கியிருந்தோம்.

கடற்கரை நிலையான பொருளன்று. அங்குள்ள மாசிலாமணிநாதர் கோயிலின் முற்பகுதியைக் கடல் கொண்டுபோயிற்று. சோழமண்டலக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. கடலுள் நீளும் கற்சுவர் அந்நகர்ச்சியைத் தடுப்பின், தென்புறம் மணல் சேரும். வடபுறம் கரை தேயும். ஆதலின் ஒருபாற் செய்த நன்மை மற்றொருபால் யாது விளைத்தது என்பதை ஆண்டுதோறும் நோக்கியே அறிதல் கூடும்.

இதற்கு வடக்கே, காவிரி கடலொடு கலக்குமிடத்தில் புகார் இருந்தது. அதனைக் கடல் கொண்டமையை மணிமேகலை கூறுகின்றது. அம்மாநகரின் கரையை நாம் பாட்டால் அறிகின்றோமேயன்றிக் கண்ணாற் காணோம். அக்காலத்தார்க்குக் காமிரா இல்லை. நமக்கோ ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ளது. இருந்தும் காட்டாது விடுவோமாயின், பின்வருவோர்க்கு யாது விடை சொல்வோம்?

"புகைப்படம் கலையன்றோ? நிலமளப்பார் வேலை நமக்கெதற்கு?" என நண்பர் சிலர் வினவினர். அழகை யாம் வெறுத்தோமல்லேம். ஆயினும் கதிரவன் நாளையும் எழுவான். இன்றுள்ள மணல் நாளை அவ்விடத்தே இராது. மீளாததை முதற்கண் பதிவு செய்தலே கடமையாகும்.

ஆதலின் எம் கழகத்தார்க்கு ஒன்று கூறுவோம். ஆண்டுதோறும் தைத் திங்களில், கோட்டை முன்னும், கோயிலருகும், படகுகள் ஏறும் கரையிலும் ஒரே இடத்தில் நின்று படமெடுப்போம். நாளும் நேரமும் அலை நின்ற எல்லையும் குறிப்போம். மீனவரைப் படமெடுக்குமுன் அவரிசைவு கேட்போம். ஒரு படி கல்லூரி நூலகத்திற்கு. மற்றொரு படி அவ்வூரார்க்கு. முதற்படியை அம்முதியவரின் பேரனிடம் சேர்ப்பதே முறை.