நாய்க்குட்டி வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க டைம்டேபிளைப் பாருங்க!

மே மாத மதியம். சென்னையில் ஒரு அபார்ட்மென்ட், மூன்றாவது மாடி. கதவு சாத்திய அறைக்குள் ஒரு சைபீரியன் ஹஸ்கி படுத்திருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் ஆபீஸ் போயாச்சு. ஏசி ஓடுகிறது. கரன்ட் போனால்?

இந்தக் கேள்வியை யோசிக்காமலேயேதான் நம்ம ஊரில் பலர் ஹஸ்கி வாங்குகிறார்கள். நீலக் கண், ஓநாய் மாதிரி லுக், ரீல்ஸில் லைக்ஸ்... எல்லாம் சரி. ஆனால் அது சைபீரியாவின் சுக்சி மக்கள் பனியில் ஸ்லெட்ஜ் வண்டி இழுப்பதற்காக வளர்த்த இனம். உடம்பில் இரண்டு அடுக்கு ரோமம். நாய்களுக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது; நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும்.

அப்படிப் பார்த்தால் பக் நிலைமை இன்னும் பாவம். 2003-ல் வந்த ஹட்ச் விளம்பரத்துக்குப் பிறகு இந்தியா முழுக்க பக் மோகம் பரவியது. சப்பை மூக்கு என்பதால் அதற்கு மூச்சுப் பாதையே குறுகல். “குறட்டை விடுது பாருங்க, செம க்யூட்!” என்று வீடியோ எடுக்கிறோமே, அது மூச்சு விடச் சிரமப்படும் சத்தமாகவும் இருக்கலாம்.

எந்த நாயாக இருந்தாலும், ‘இது என்ன வேலைக்காக உருவான இனம்?’ என்று முதலில் கேளுங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும். பீகிள், முயல் வேட்டைக்கு மோப்பம் பிடித்து ஊளையிட்டுச் சொல்லும் நாய். அபார்ட்மென்ட்டிலும் அதைத்தான் செய்யும். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால் அதன் மேல் தப்பில்லை. லேப்ரடார் குடும்பத்தோடு நன்றாக ஒட்டும். ஆனால் கால்வாசி லேப்ரடார்களுக்குப் பசியைத் தூண்டும் மரபணு மாற்றம் இருப்பதை 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். வாக்கிங் கூட்டிப்போக ஆளில்லாத வீட்டில் அது குண்டாவதற்கு ரொம்ப நாள் ஆகாது.

சரி, நாட்டு இனம் வாங்கினால் பிரச்சினை தீர்ந்ததா? வெயில் பிரச்சினை ஓரளவு தீரும், அவ்வளவுதான். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் வேட்டை நாய்கள், ஓடப் பிறந்தவை. 2005-ல் தபால்தலையிலேயே இடம்பிடித்த ராஜபாளையத்தை 2 பிஹெச்கே வீட்டுக்குள் நாள் முழுக்க அடைத்து வைப்பது நியாயமே இல்லை. அந்த வெள்ளை நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரொம்பப் பேர் யோசிக்காத ஆப்ஷன் நம்ம தெருவிலேயே பிறக்கும் நாட்டு நாய். நம் வெயில் அதற்குப் பழக்கம், முடி பராமரிப்பும் குறைவு. ஆனால் அந்தக் குட்டியையும் பத்து மணி நேரம் தனியாகப் பூட்டி வைக்க முடியாது. மூன்று மாதக் குட்டியால் மூன்று, நாலு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது.

காலையில் போய் இரவு திரும்புகிற ஐடி ஊழியருக்கு நாயை விடப் பூனை பெட்டர். பழக்கிவிட்டால் மணல் தட்டிலேயே போய்க்கொள்ளும், வாக்கிங் தேவையில்லை. அதிலும் குட்டை முடி நாட்டுப் பூனையே போதும். பெர்ஷியன் என்றால் தினமும் சீவ வேண்டும், கண்ணைத் துடைத்துவிட வேண்டும். எந்தப் பூனையானாலும் பால்கனிக்கு வலை கட்டாயம். மாடியிலிருந்து விழுந்தாலும் பூனைக்கு ஒன்றும் ஆகாது என்பதெல்லாம் கட்டுக்கதை.

எட்டு வாரம் ஆகாத நாய்க்குட்டியை விற்பதே 2017 விதிகளின்படி தவறு. ‘இன்னைக்கே எடுத்துக்கோங்க, ஆஃபர்!’ என்று அவசரப்படுத்தும் விற்பனையாளரிடம் குட்டியின் வயதையும் தடுப்பூசி அட்டையையும் கேளுங்கள். தாய் நாயைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். மழுப்பினால் கிளம்பிவிடுங்கள்.

நாய் சராசரியாகப் பத்து, பன்னிரண்டு வருடம் வாழும். அதற்குள் உங்களுக்குக் கல்யாணம் ஆகலாம், வீடு மாறலாம், ஆன்சைட் வாய்ப்பும் வரலாம். அப்போது ரோட்டில் விட்டுவிட்டுப் போவது, 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ‘எனக்குப் பதில் யார் பார்த்துப்பா?’ என்பதற்கு ஒரு ஆளின் பெயரைச் சொல்ல முடியாவிட்டால் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். ஆசை விடவில்லையா? காப்பகத்திலிருந்து சில வாரம் மட்டும் ஒரு நாயை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று விசாரியுங்கள். வளர்ந்த நாயாக இருந்தால் இன்னும் நல்லது. அதன் குணம் என்னவென்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.