கண்ணில் கார்க் பட்டு விலகியவர், பச்சை ஜெர்சியோடு திரும்பினார்: யார் இந்த பினியம் கிர்மாய்?

2022 மே 17. இத்தாலியின் யேசி நகரம். ஜிரோ டி இத்தாலியா போட்டியின் 10-வது ஸ்டேஜில் நெதர்லாந்தின் மாத்யூ வான் டெர் போலை கடைசி மீட்டர்களில் தோற்கடிக்கிறார் 22 வயது எரித்ரிய வீரர் பினியம் கிர்மாய். மேடையில் ஒயின் பாட்டிலைத் திறக்கும்போது கார்க் பறந்து வந்து நேராக அவர் இடது கண்ணில் அடிக்கிறது. அங்கிருந்து மருத்துவமனை. மறுநாள் போட்டியிலிருந்தே விலகல்.

சைக்கிள் பந்தயம் பார்க்காதவங்களுக்கும் அந்த வீடியோ வந்து சேர்ந்திருக்கும். ஆனா அன்று நடந்த பெரிய விஷயம் கார்க் இல்லை. மூன்று வாரம் நடக்கும் பெரிய பந்தயங்களில் ஒரு ஸ்டேஜை ஆப்பிரிக்கக் கறுப்பின வீரர் ஒருவர் வென்றது அதுதான் முதல்முறை.

எரித்ரியாவில் ஏன் சைக்கிள்?

எரித்ரியா 1941 வரை இத்தாலியின் காலனி. சைக்கிள் பந்தயம் அவர்கள் கொண்டு வந்தது. அவர்கள் போன பிறகும் மக்கள் அதை விடலை. தலைநகர் அஸ்மரா கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேல். அந்த உயரத்தில் தினமும் மிதித்து வளர்ந்தவர்களுக்கு நுரையீரல் பலம் தனி.

பினியம் 2000-ல் அங்கேதான் பிறந்தார். கிர்மாய் என்பது அப்பா பெயர், நம்ம ஊர் இனிஷியல் மாதிரி. அதனால் நாமும் பினியம் என்றே சொல்வோம்.

ஏணி எங்கே கிடைத்தது?

திறமை அஸ்மராவில் இருந்தது. சம்பளம் தரும் அணிகள் ஐரோப்பாவில் இருந்தன. நடுவில் பாலமாக இருந்தது, சர்வதேச சைக்கிள் சங்கம் சுவிட்சர்லாந்தின் ஏக்ல் நகரில் நடத்தும் பயிற்சி மையம். அங்கே சேர்ந்த பினியம், 18 வயதில் காபோன் நாட்டுப் போட்டியில் ஒரு ஸ்டேஜ் வென்றார். பிறகு ஒரு பிரெஞ்சு அணி ஒப்பந்தம் போட்டது. 2021-ல் அந்த அணி பணமில்லாமல் தடுமாற, பாதி சீசனில் பெல்ஜிய அணிக்கு மாறினார். அடுத்த மாதமே 23 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் வெள்ளி.

2022 மார்ச்சில் பெல்ஜியத்தின் கென்ட்-வெவல்கெம் பந்தயம். மனைவி, குழந்தையைப் பார்க்க ஊருக்குக் கிளம்ப வேண்டியவர், கடைசி நேரத்தில் திட்டத்தை மாற்றிக் களமிறங்கி ஜெயித்தார். அப்புறம் ஊருக்குப் போயிட்டார்.

2024: அந்த மூன்று வாரம்

1903-ல் தொடங்கியது டூர் டி பிரான்ஸ். அதில் ஒரு ஸ்டேஜை கறுப்பின வீரர் வெல்ல 2024 ஜூலை 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டூரின் நகரில் பினியம் முதலாவதாக வந்தார். அதே தொடரில் இன்னும் 2 ஸ்டேஜ் ஜெயித்தார்.

பச்சை ஜெர்சி என்றால்? தினமும் முன்னணியில் முடிப்பவர்களுக்கும், வழியில் உள்ள ஸ்பிரின்ட் கோடுகளுக்கும் புள்ளிகள் உண்டு. மொத்தத்தில் அதிகம் எடுத்தவருக்கு பச்சை. 16-வது ஸ்டேஜில் கீழே விழுந்து தையல் போட்ட பிறகும், நீஸ் நகரில் அதைக் கடைசி வரை தக்கவைத்தார்.

கதவு திறந்துவிட்டதா?

இங்கேதான் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 2015-லேயே டேனியல் தெக்லேஹைமனோட், மெர்ஹாவி குடுஸ் என்ற இரண்டு எரித்ரியர்கள் டூரில் ஓடினார்கள். டேனியல் மலையேற்றத்துக்கான புள்ளி ஜெர்சியையே சில நாள் அணிந்தார். அப்போதும் 'கதவு திறந்தாச்சு' என்றுதான் பேசினார்கள். அடுத்த படிக்கு 9 வருஷம் ஆனது.

காரணம் கால் பலம் இல்லை. அணிகள் ஆள் தேடுவது பெரும்பாலும் ஐரோப்பியப் பந்தயங்களில். அங்கே போய் ஓட விசா வேண்டும், டிக்கெட் காசு வேண்டும், தங்க இடம் வேண்டும். விசா தள்ளிப்போனால் பந்தயம் போச்சு. பந்தயம் போனால் அணியின் கண்ணில் படுவதும் போச்சு.

2025 செப்டம்பரில் உலக சாம்பியன்ஷிப் முதல்முறையாக ஆப்பிரிக்காவில், ருவாண்டாவின் கிகாலியில் நடந்தது. நல்ல தொடக்கம். ஆனா ஒரு வாரத் திருவிழா போதாது. வருஷம் முழுக்க அங்கே தரமான பந்தயங்கள் நடக்கணும். அவற்றைப் பார்க்க அணிகளின் ஆட்கள் வரணும்.

பினியம் சாதித்தது அபூர்வம்தான். ஆனா அஸ்மராவில் இன்று காலை சைக்கிளை எடுத்த ஒரு பையனுக்கோ பொண்ணுக்கோ அது அபூர்வமாகவே இருக்கக் கூடாது.