கேட்டவர்க்கு மட்டுமா நீதி?

குடை விற்க வருகிறான் ஒருவன். "கார்காலம் நெருங்குகிறது, கையிலே குடை இல்லையேல் நனைவீர், நோயுறுவீர், வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறான். கையிலே காசில்லையே என்றால், "கவலை எதற்கு? குடையின் விலையையும் உங்கள் கடன் கணக்கிலே எழுதிக்கொள்கிறேன், வட்டியோடு மெல்லக் கொடுங்கள்" என்கிறான். இசைகிறோம். மழை வருகிறது. குடையை விரிக்கிறோம்; விரியவில்லை! ஓடிச் சென்று கேட்டால், "நீங்கள் நெட்டையர், இது குட்டையருக்கு மட்டுமே விரியும் குடை. காம்பின் அடியிலே பொடி எழுத்தில் பொறித்திருக்கிறோமே, படிக்கவில்லையா?" என்கிறான், புன்னகை மாறாமல்!

கட்டுக்கதை என்று தள்ளிவிடாதீர்கள், தோழர்களே! குடை என்பதற்குப் பதிலாக இன்ஷூரன்ஸ் பத்திரம் என்று வைத்துப் பாருங்கள்; பிரிட்டன் நாட்டிலே நடந்த வாணிபம் கண்முன் தெரியும். நடத்தியவர்கள் தெருமுனைத் தரகர்கள் மட்டுமல்லர். பளிங்குத் தூண் நாட்டிய பெரும் வங்கிகளும் நடத்தின. பெரும்பாலும் 1990-க்கும் 2010-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளிலே விற்கப்பட்ட இந்தப் பத்திரங்கள் 6 கோடியே 40 லட்சம் வரை இருக்கும் என்பது அந்நாட்டு அதிகாரிகளின் கணக்கு. அந்த நாட்டு மக்கள்தொகையே ஏறத்தாழ அவ்வளவுதான்!

பி.பி.ஐ. என்று சுருக்கமாக அழைத்தனர் அதனை. கடன் தவணைக்குப் பாதுகாப்பு அளிக்கும் இன்ஷூரன்ஸ் என்பது பொருள். நோக்கத்திலே குறை சொல்வதற்கில்லை. கடன் வாங்கியவர் நோயிலே வீழ்ந்தால், விபத்திலே சிக்கினால், வேலையை இழந்தால், சில காலம் அவருடைய தவணையை இன்ஷூரன்ஸ் நிறுவனம் கட்டும். நல்ல ஏற்பாடுதான், உரியவருக்கு, உண்மை சொல்லி, உரிய விலைக்கு விற்றிருந்தால்!

ஆனால் எப்படி விற்றார்கள்? மகளின் படிப்புக்கோ, ஒழுகும் கூரைக்கோ கடன் கேட்டு ஒருவர் வங்கிக்குச் செல்கிறார். கடன் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற கலக்கம் நெஞ்சிலே. அந்தக் கலக்கத்தைத்தான் முதலாக்கினர். "இதையும் எடுத்துக்கொண்டால் கடன் எளிதாகக் கிடைக்கும்" என்று சிலரிடம் சொன்னார்கள். "இது இல்லாமல் கடன் இல்லை" என்று சிலரிடம் சொன்னார்கள். சிலரிடம் எதையுமே சொல்லவில்லை. விண்ணப்பத்தாளில் முன்கூட்டியே குறியிட்டுக் கையொப்பம் மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

சொந்தத் தொழில் செய்வோருக்கு வேலையிழப்புக் காப்பு பயன்படாத பத்திரங்கள் பல, அவர்களுக்கும் விற்றார்கள். ஓய்வு பெற்றவர் இழப்பதற்கு வேலை ஏது? அவருக்கும் விற்றார்கள். முன்பே இருந்த நோய்க்குக் காப்பு கிடையாது என்று விதி எழுதிவைத்துவிட்டு, நோயாளிக்கும் விற்றார்கள். நெட்டையருக்கெல்லாம் குட்டையர் குடை!

தனிநபர் கடனிலே இன்னொரு சூழ்ச்சியும் இருந்தது. ஐந்தாண்டுக் காப்புக்கான கட்டணம் முழுவதையும் முதல் நாளிலேயே கடனோடு சேர்த்துவிடுவார்கள். கேட்ட கடனுக்கு வட்டி. கேளாத காப்புக்கும் வட்டி! கடனை முன்கூட்டியே அடைத்தாலும் அந்தக் கட்டணத்திலே பெரும்பகுதி திரும்பி வராது.

வழக்கு மன்றத்திலே வெளிப்பட்ட ஒரு கணக்கைப் பாருங்கள். 2006-இல் ஒருவருக்குத் தரகு நிறுவனம் வழியாக 34,000 பவுண்டு கடன். அடைக்க வேண்டிய காலம் பத்தாண்டு. காப்போ ஐந்தாண்டுக்கு மட்டுமே! அதற்குக் கட்டணம் 5,780 பவுண்டு. அந்தப் பணம் எங்கே போயிற்று? தரகருக்கு 1,870. கடன் கொடுத்த நிறுவனத்துக்கு 2,280. காப்பளிக்கும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குச் சென்றது 1,630 மட்டுமே! நூற்றுக்கு எழுபத்தொன்றுக்கு மேல் கமிஷன்; அதைக் கடன் வாங்கியவரிடம் சொல்லவே இல்லை. இந்த மறைப்பினால் கடன் உறவே நியாயமற்றதாயிற்று என்று 2014 நவம்பரில் பிரிட்டன் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஏன் இவ்வளவு ஆவலாக விற்றார்கள் என்பது இப்போது புரிகிறதன்றோ? கடனிலே கிடைக்கும் இலாபத்தைவிடக் காப்பிலே கிடைக்கும் கமிஷன் இனித்தது! வாகன இன்ஷூரன்சில் மக்கள் கட்டும் நூறு பவுண்டில் 78 பவுண்டு இழப்பீடாகத் திரும்பிவந்த காலத்தில், இந்தக் காப்பிலே திரும்பியது சுமார் 14 பவுண்டு என்று வணிகப் போட்டி ஆணையம் கணக்கிட்டது.

இந்தக் கொள்ளையை அம்பலமேற்றியவர் யார்? அமைச்சர்களா? வங்கிகளைக் கண்காணிக்கச் சம்பளம் பெற்றவர்களா? இல்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்பு, ஊர்தோறும் சிறு அலுவலகங்களில் மேசை போட்டு அமர்ந்து, கடன்பட்டோரின் கண்ணீர்க் கதைகளைக் கேட்டு, இலவசமாக வழி சொல்லும் அமைப்பு, அந்தக் கதைகளைத் தொகுத்து 2005 செப்டம்பரில் அரசுத் துறையிடம் முறையீடு வைத்தது. அந்த முறையீடு 2007-இல் வணிகப் போட்டி ஆணையத்தின் விசாரணையாயிற்று. 2009 மே மாதத்தோடு, தனிநபர் கடனிலே முழுக் கட்டணத்தையும் முதலிலேயே ஏற்றும் பத்திரங்களின் விற்பனை நின்றது. 2010-இல் நிதித்துறைக் கண்காணிப்பு ஆணையம், புகார்களை எவ்வாறு தீர்த்துப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று விதி வகுத்தது.

வங்கிகள் தலைகுனிந்தனவா? வழக்கு மன்றம் ஏறின! "குறிப்பான விதிகளை நாங்கள் மீறவில்லை, வாடிக்கையாளரை நேர்மையாக நடத்துக என்ற பொதுநெறியைக் காட்டி எங்களிடம் பணம் கேட்கலாமா?" என்று அவர்தம் சங்கம் வாதாடியது. நேர்மை என்பது பொதுநெறிதான். அதனாலேயே அது கட்டுப்படுத்தாது என்பது எவ்வளவு விந்தையான வாதம்! 2011 ஏப்ரல் 20 அன்று உயர்நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. அடுத்த மாதமே லாயிட்ஸ் குழுமம் 320 கோடி பவுண்டை இழப்பீட்டுக்கென ஒதுக்கியது. மேல்முறையீடு இல்லை என்று வங்கிகளின் சங்கமும் அறிவித்தது.

அதன்பின் என்ன நடந்தது? கடன் வாங்கியவர் ஒரு கடிதம் எழுத வேண்டும், அவ்வளவே. எந்த ஆண்டுக் கடன், எப்படி விற்றார்கள், ஏன் பொருந்தாது என்று வங்கிக்கு எழுத வேண்டும். எட்டு வாரத்திலே இறுதி விடை வராவிட்டால், அல்லது வந்த விடை நிறைவளிக்காவிட்டால், நிதித்துறைக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அவருடைய முடிவைப் புகார் செய்தவர் ஏற்றால் வங்கியும் ஏற்றாக வேண்டும். புகார் நியாயமானால் கட்டிய காப்புக் கட்டணம், அதன்மீது வாங்கிய வட்டி, அந்தப் பணத்தை இழந்திருந்த காலத்துக்கு ஆண்டுக்கு 8 சதவீதத் தனிவட்டி, மூன்றும் சேர்ந்து திரும்பிவரும்.

கடிதம் எழுதத் தயங்கியவரிடம் புதிய தரகர் வந்தார்! "நாங்கள் எழுதித் தருகிறோம்" என்றார். கிடைத்ததில் நூற்றுக்கு இருபத்தைந்து, முப்பது என்று எடுத்துக்கொண்டார். ஏமாந்தவரையே மீண்டும் சுரண்டிய இந்தக் கூலிக்கு 20 சதவீதமும் வரியும் என்று சட்டம் வரம்பு கட்டியது 2018-இல்தான்.

திரும்பிவந்த பணம் எவ்வளவு தெரியுமா? 2011 முதல் 3,800 கோடி பவுண்டுக்கு மேல்! மலைக்க வைக்கும் தொகைதான். அதைக் கண்டு, நீதி வென்றது என்று கைதட்டிக் கலைந்துவிடலாமா?

கலையக் கூடாது, தோழர்களே! இங்கேதான் கேள்வி எழுகிறது. அந்தப் பணம் ஏமாற்றப்பட்டோர் அனைவருக்கும் சென்றதா? இல்லை, பெரும்பாலும் கேட்டவருக்கே சென்றது. விற்றது யாருக்கு, எவ்வளவுக்கு, எத்தனை கமிஷனுக்கு என்ற ஏடு வங்கியின் பேழையிலே இருந்தது. ஆனால் தேடும் பொறுப்பு எவர் தலையில் ஏற்றப்பட்டது? பழைய தாளைத் தொலைத்துவிட்ட முதியவர் தலையில்! தம் கடனிலே அப்படியொரு காப்பு ஒட்டிக்கொண்டிருந்ததையே அறியாத தொழிலாளி தலையில்! எடுத்தவன் ஏட்டோடு அமர்ந்திருக்க, இழந்தவன் சான்று தேடி அலைய வேண்டும் என்பது என்ன நியாயம்?

அதற்கும் ஒரு கெடு விதித்தார்கள்: 2019 ஆகஸ்டு 29. கெடுவை நினைவூட்ட நடிகர் அர்னால்டு சுவார்செனேகரின் தலையைப் போன்ற பொம்மையை விளம்பரத்திலே உறுமவிட்டார்கள். அந்தப் பிரசாரத்துக்கு 4 கோடியே 20 லட்சம் பவுண்டு. செலவை ஏற்றவை நிதி நிறுவனங்கள். "எத்தனை காலம் பழங்கணக்கைப் புரட்டுவது? எதற்கும் ஒரு முடிவு வேண்டாமா?" என்றனர் கெடுவை ஆதரித்தோர். முற்றிலும் பொருளற்ற வாதம் என்று சொல்லமாட்டோம். விளம்பரத்தால் விழித்தெழுந்து விண்ணப்பித்தவர் பலர் என்பதும் உண்மை. ஆனால் முடிவு யாருக்குப் பயன்பட்டது? கேளாதவரின் பணம் கெடு கடந்ததும் தூய்மையாகிவிட்டதா? கடனாளி தவணை தப்பினால் வட்டி வளர்கிறது; வங்கி தரவேண்டியதைத் தராமல் நாள் கடந்தால் கடனே கரைகிறது! இரண்டு தராசு வைத்து ஒரே கடையிலே வாணிபம் செய்வது முறையாகுமா?

முறையல்ல என்பதற்கு உச்சநீதிமன்றமே பின்னர் ஒரு சாளரம் திறந்தது. 2006-இல் கடன் பெற்ற மற்றொருவருக்குக் காப்புக் கட்டணம் 3,834 பவுண்டு. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குச் சென்றது 182 பவுண்டும் சில்லறையும்! நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் கமிஷன். காலம் கடந்த வழக்கு என்றது கடன் கொடுத்த நிறுவனம். 2023 நவம்பரில் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. கமிஷனை அந்நிறுவனம் வேண்டுமென்றே மறைத்தது. மறைத்தது வெளிப்படும் வரை காலக் கணக்கு தொடங்காது என்றது. ஆம், இருட்டிலே நிறுத்தி வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்க்கவில்லையே என்று கேட்கலாமா? எனினும், சாளரம் வழியே நுழைய வழக்கறிஞரும் பணமும் துணிவும் வேண்டும். இலவசக் கடிதம் திறந்த கதவு அதுவன்று.

இந்த வரலாற்றிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் இரண்டு. ஏமாற்றியவனிடம் ஏடு இருக்குமானால், ஏமாந்தவரைத் தேடிக் கொடுக்கும் கடமையும் அவனுக்கே உரியது என்று சட்டம் சொல்ல வேண்டும். கேட்டவர்க்கு மட்டும் கிடைப்பது நீதியின் பாதியே. இது ஆள்வோர்க்கு.

மற்றொன்று நமக்கு. படிப்பகத்திலே அமர்ந்து, முதியவர் ஒருவருக்கு மனு எழுதித் தருவதைச் சிறு பணி என்று எண்ணும் தோழர் இருப்பாரானால், அவரிடம் சொல்லுங்கள்: பிரிட்டனின் பெரும் வங்கிகளை 3,800 கோடி பவுண்டு கக்க வைத்த போர், சிறு மேசையிலே கேட்ட கதைகளிலிருந்துதான் தொடங்கியது. முதியவர் நீட்டும் தாளை வாங்குங்கள், பொடி எழுத்தைப் படியுங்கள், அவருக்காகக் கேளுங்கள்!